ஸ்காட்லாந்து சாரின் கிரிவலம்

கால் வைக்காத ஓர் ஊருக்காக இவ்வளவு கவலைப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அவர் வேலூரைத் தாண்டி வடக்கே போனதில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊரில் எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வைக்க மறந்தவர்கள் யார் யார் என்பதும் தெரியும். திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த எங்கள் தெருவில், அவர் எங்களுக்கு எதிர்வீடு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஸ்காட்லாந்து சார்.

இந்தப் பைத்தியம் தொடங்கியது எங்கள் வீட்டால்தான். என் ஒரே மகள் நித்யா, நர்சிங் படித்துவிட்டு, அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். அவள் கிளம்பிய அன்று நான் வாசலில் நின்று அழுத அழுகையில் தெருநாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டன. எதிர்வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு அவர் வந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அதுவரை எங்களோடு அதிகம் பேசியதும் இல்லை.

"ஊர் பேர் என்ன நித்யாம்மா?"

சொன்னேன். எனக்கே அது சரியாக வாயில் நுழையாது.

"சரி, அழாதீங்க. நான் பாத்துக்கறேன்."

பெரிய கோயில் பக்கம் போவதற்கே இரண்டு நாள் யோசிக்கிற மனிதர், கடல் கடந்த ஊரை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அந்த வாரமே தெரிந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் முகநூலில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பூனை காணோம், சாலையில் பள்ளம், பள்ளிக்கூடத்தில் கேக் விற்பனை, நேற்று என் வேலியை இடித்தது யார், இப்படி எல்லாம் அதில் வரும். இவர் அதில் சேர்ந்துவிட்டார். சேரும்போது, இந்த ஊருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்களாம். "எங்கள் தெருப் பெண் அங்கே இருக்கிறாள்" என்று எழுதினாராம்.

அன்றிலிருந்து நான் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால் எதிரிலிருந்து செய்தி வரும்.

"நித்யாம்மா, நாளைக்கு அங்க நீலத் தொட்டி. பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. போன வாரம் ஒருத்தர் பச்சைய வெச்சிட்டாரு, அப்படியே வுட்டுட்டுப் போயிட்டாங்க."

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தெருமுனை மூட்டைகள் மேல் ஒரு மாடு நிம்மதியாகப் படுத்திருந்தது. என் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு கேட்டார்.

"சார், நம்ம தெருக் குப்பையப் பத்தியும் ஒரு வார்த்த எழுதிப் போடலாமில்ல?"

"அதுக்கு நீங்க இருக்கீங்களே சார். அவங்களுக்கு யாரு இருக்கா?"

சித்திரை வெயிலில் ரோடு உருகிக்கொண்டிருக்கும்போது மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். உடம்பு சரியில்லையா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அங்க குளிர் ஜாஸ்தி. அந்தப் பொண்ணு ஸ்வெட்டர் போடாம டியூட்டிக்குப் போகுது."

"அதுக்கு நீங்க ஏன் சார் மப்ளர் கட்றீங்க?"

"அது கட்டலையே."

நாய்க்காரம்மா சண்டையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. அந்த ஊரில் ஒரு பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், கடற்கரையில் தன் நாய் கயிறு இல்லாமல் ஓடுகிற படத்தைக் குழுவில் போட்டார். பார்த்தவர்கள் எல்லாம் இதயம் போட்டார்கள். நம்மவர் அலுவலகக் கடிதம் போட்டார். முப்பது வருடக் கோப்புகளில் தேய்ந்த ஆங்கிலம். அவர் படித்துக் காட்டியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு. பொருள்: தங்கள் நாய். பார்வை: தங்கள் இன்றைய படம். மேற்படி நாய் கயிறின்றித் திரிவதாகத் தெரிகிறது. அவ்வழியே எங்கள் பெண் வேலைக்குச் செல்கிறாள். தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தம்மா பதிலுக்கு, தன் நாய்க்குப் பல்லே இல்லை என்று எழுதினார். பல் இல்லாததற்குச் சான்று கேட்டார் இவர். அடுத்த நாள் நாயின் திறந்த வாய் முழுத்திரையில் வந்தது. சண்டை மாசக்கணக்கில் நடந்தது. கடைசியில் இருவரும் காலை வணக்கம் சொல்லாமல் ஒரு நாளையும் தொடங்க மாட்டார்கள் என்ற நிலைக்கு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு வணக்கத்துக்கும் கீழே, கயிறு என்னாயிற்று என்று சார் ஒரு வரி சேர்த்துவிடுவார்.

பிறகு நீச்சல்குளம் வந்தது. அந்த ஊருக்கு இருந்த ஒரே நீச்சல்குளத்தைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மூடப்போவதாகப் பேச்சு. வயதானவர்கள் காலையில் கூடுகிற இடம் அது. இந்தக் குளிர் தேசத்தில் நாங்கள் எங்கே போவோம் என்று நாய்க்காரம்மா எழுதியிருந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத எங்கள் சார், அந்தப் பௌர்ணமிக்கு நீச்சல்குளத்துக்காகக் கிரிவலம் கிளம்பினார். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால், சட்டையில் குண்டூசி குத்திய அட்டை. அட்டையில் ஆங்கிலத்தில் "குளத்தை மூடாதே".

நானும் என் வீட்டுக்காரரும் துணைக்குப் போனோம். அட்டை எல்லோர் கண்ணையும் இழுத்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா அவரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"எந்தக் கொளத்தப்பா மூடறாங்க? நம்ம ஊருதா?"

"இல்லம்மா. ஸ்காட்லாந்து."

"அது எந்தப் பக்கம்?"

"ரொம்ப தூரம்மா."

"எங்க இருந்தா இன்னா. தண்ணி நிக்கற எடத்த மூடலாமா? நல்லா வேண்டிக்கோ."

ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டார். கிரிவலம் என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். அடுத்த வாரம், முடிவைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. அவர் முகத்தில் அன்று இருந்த களையைச் சொந்த வீடு கட்டி முடித்தவர்கள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. இப்போதும் நித்யாவின் போன் முழுக்க அடித்து ஓய்ந்தால் அவள் எடுக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புயல். தினமும் படுக்கப்போகும் முன், நம் காலையில், கூப்பிடுகிற பெண் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், போகவில்லை. முதியோர் இல்லத்து எண்ணும் போகவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது, நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சார் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"கரண்ட் இல்ல, டவர் இல்ல. ஊர்ல பாதிக்கு இப்படித்தான் போல. மேற்கால மட்டும் டவர் எடுக்குதாம். பயப்படாதீங்க, பொண்ணு வீட்டு விலாசத்தோட எழுதிட்டேன்."

"யாருக்கு சார் எழுதுனீங்க?"

"நாய்க்காரம்மாவுக்கு. அவங்க வீடு மேற்கால."

"புயல்ல அந்தம்மா எப்படிப் போவாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாய் இருக்குது சார். அத வெளிய கூட்டிட்டுப் போய்த்தான ஆகணும்."

எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆனபோதுதான் அங்கே விடிந்தது. நாங்கள் மூவரும் அவர் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாரும் சாப்பிடவில்லை. நாய்க்காரம்மா நடந்தே ஊரைக் கடந்து போய் நித்யா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை. தூங்குகிறாள் என்று திரும்பியிருக்கலாம். நாய் நகரவில்லையாம். வீட்டுச் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்துச் சாவி வாங்கித் திறந்தால், மாடிப்படி அடியில் என் மகள் கிடந்தாள். முந்தின நாள் மாலை இருட்டில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கால் உடைந்திருந்தது. கத்தியிருக்கிறாள். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. உடம்பு விறைத்து, பேச்சு குழறி, தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் இருந்தாளாம். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்று அங்கே டாக்டர் தொடங்கிய வாக்கியத்தை நான் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

கிடைத்துவிட்டாள், உயிரோடு இருக்கிறாள் என்று செய்தி வந்ததும் என் வீட்டுக்காரர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டு, ஏதோ எழுத ஆரம்பித்தார். நன்றி எழுதுகிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். "அம்மையார் அவர்களுக்கு. பொருள்: தங்கள் நாய். கயிறு தொடர்பான எனது முந்தைய கடிதங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

நித்யா கால் தேறி வேலைக்குத் திரும்பினாள். வந்துவிடு என்று நான் தினமும் கெஞ்சினேன். இந்த ஊரில் என்னைத் தேட ஆள் இருக்கிறார்கள் அம்மா என்றாள்.

ஆனால் நீச்சல்குளத்தைக் கடைசியில் மூடிவிட்டார்கள். செய்தி வந்த அன்று எதிர்வீட்டுக் குழாயடியில் அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"கொளம் போயிடுச்சி நித்யாம்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அது போய்விட்டது.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் அவர் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆரணியிலிருந்து அக்கா மகன் வந்து பார்த்துக்கொண்டான். நான் மாலையில் போய்க் குழுவில் வந்ததையெல்லாம் தமிழில் படித்துச் சொல்வேன். பூனை கிடைத்தது, பள்ளம் அப்படியே இருக்கிறது, நாளை நீலத் தொட்டி. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கிறதா என்றே தெரியாது. அவரிடம் அந்த ஊர்ச் செய்தியைப் பால் பாக்கெட்டோடு வாங்கிய நாட்களை நினைத்துக்கொண்டு, நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

நித்யா சொல்லி நாய்க்காரம்மாவுக்கு விஷயம் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒரு வீடியோ வந்தது. அந்த ஊருக்குப் பின்னால் ஒரு சின்ன மலை உண்டு. நம் மலைக்கு முன்னால் அது ஒரு மேடு. அதைச் சுற்றி, கொட்டுகிற மழையில், நீச்சல்குளத்தை இழந்த அந்த வயதானவர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நாய்க்காரம்மா. குளிரில் வெறுங்கால் முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தன் பூட்சைக் காட்டினார். "திருவண்ணாமலைக் கனவானுக்காக" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். எனக்குக் கண்ணீரில் திரையே தெரியவில்லை.

போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று இடது கையைத் தூக்கினார். விரல் காற்றில் வட்டம் போட்டது. முகம் சிவந்தது. தொண்டையில் ஏதோ உருண்டது. என் வீட்டுக்காரர் டாக்டரைக் கூப்பிட வெளியே ஓடினார்.

"தப்பு" என்றார் சார்.

வாரக்கணக்கில் வராத பேச்சு. நான் குனிந்தேன்.

"மல... ரைட்ல... இருக்கணும்."

அப்புறம்தான் நான் சரியாகப் பார்த்தேன். மலை அவர்களுக்கு இடப்பக்கம் இருந்தது. எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறார்கள். நித்யாவுக்கு அன்று டியூட்டி, சொல்ல ஆள் இல்லை. அந்தப் பக்கம் சேறு கம்மி என்று அப்படிப் போனார்களாம். நான் சிரிக்க, அக்கா மகன் சிரிக்க, அவருக்கும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. எழுது என்று விரலால் காட்டினார். எழுதினேன். "அம்மையார் அவர்களுக்கு. பொருள்: தவறான திசை."

உடனே பதில் வந்தது. அடுத்த ஞாயிறு சரியாகச் சுற்றுகிறோம், உங்கள் மேற்பார்வையில். அதைப் படித்துச் சொன்னபோது கண்ணை மூடித் திறந்தார். கோப்பில் கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் போய்விட்டார்.

அவர் போனதைச் சொல்லி அனுப்பியும் அவர்கள் சுற்றுவதை நிறுத்தவில்லை. ஞாயிறன்று வீடியோ வந்தது. அதே மழை, முட்டிவரை சேறு. நாய்க்காரம்மாவின் கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில், பல்லில்லாத அந்த நாய் தலைகுனிந்து நடந்தது.

அக்கா மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆரணிக்குப் போய்விட்டிருந்தான். நான் தெருவைக் கடந்துபோய் அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"சார், இந்தத் தடவ மல வலப்பக்கந்தான் இருக்குது."