முள்ளுலயா, கல்லுலயா?

பைக் வைத்திருக்கும் எவனிடமும் அதன் அதிகபட்ச வேகம் என்ன என்று கேட்காதீர்கள். அவன் உண்மையைச் சொல்ல மாட்டான். பொய்யும் சொல்ல மாட்டான். முள்ளைச் சொல்லுவான். எப்போதோ ஒருமுறை, இறக்கத்தில், முதுகில் காற்று தள்ள, ஸ்பீடாமீட்டர் முள் எந்த எண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பியதோ அதுதான் ஆயுள் முழுக்க அவன் வண்டியின் வேகம்.

என் எண் நூற்றுப்பதினாறு. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. ரத்த வகை என்ன என்று கேட்டால் அம்மாவுக்குப் போன் போட்டுத்தான் சொல்லுவேன். நூற்றுப்பதினாறை மட்டும் கேட்காமலேயே சொல்லுவேன்.

அந்த எண் என்னிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய நூற்றிருபத்தைந்து சிசி வண்டி. இரண்டு வருடமாக நூற்றெட்டுக்கு மேல் முள் அசைந்ததில்லை. ஒருநாள் தாமல் பக்கம் போய்த் திரும்புகையில் ஒரு பள்ளத்தில் இறக்கியதில் முன்சக்கரத்தின் ரிம் வளைந்துவிட்டது. எங்கள் தெருமுனை மெக்கானிக் பாயிடம் அதே அளவு ரிம் இல்லை. “வேற வண்டி வீலு ஒண்ணு இருக்குது தம்பி. கொஞ்சம் சின்னது. போட்டுக்கினு ஓட்டு, புதுசு வந்ததும் மாத்திக்கலாம்” என்றார். அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. புதுச் சக்கரத்தோடு செல்பி எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மறுநாள் காலை வேலூர் ரோட்டில் விட்டுப் பார்த்தேன். நூற்றுப்பதினாறு! எட்டு கூடியிருந்தது. அந்த வாரமே பெட்ரோல் போட்டு ஓட்டிப் பார்த்தால் மைலேஜும் ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தாறு ஆகியிருந்தது.

வேகமும் கூடும், மைலேஜும் கூடும் என்பது உலகத்தில் எந்த இன்ஜினியருக்கும் வாய்க்காத அற்புதம். மெக்கானிக்கலில் டிப்ளமோ முடித்திருந்த நான் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. (நமக்குச் சாதகமான நேரத்தில் படிப்பு லீவு போட்டுவிடும்.) மாறாக, டீக்கடையில் விளக்கம் கொடுத்தேன். “சின்ன வீலு, வெயிட்டு கம்மி, காத்தை ஈசியா வெட்டிக்கினு போவுது.” இரண்டு பேர் அன்றைக்கே பாயிடம் போய்ச் சின்ன வீல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒரேயொரு உறுத்தல் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் எப்போதும் முப்பத்துமூன்று கிலோமீட்டர். சக்கரம் மாற்றிய பிறகு முப்பத்தைந்து வந்தது. ரோடு வேலைக்காக எங்கேயோ சுற்றிவிடுகிறார்கள் என்று முடிவு செய்தேன். ஊரே இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் போகலாம், என் மீட்டர் தப்பாக இருக்க முடியாது.

என் நண்பன் பிரபு மட்டும் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து, செல்போனில் வேகம் காட்டும் ஏதோ ஓர் ஆப்பைப் போட்டுப் பார்த்தான்.

“மச்சி, இதுல நூத்திரெண்டுதான் காட்டுது.”

“சாட்டிலைட்டு எவ்ளோ மேல இருக்குது? அங்கிருந்து பார்த்தா எல்லாமே கொஞ்சம் சின்னதாத்தான்டா தெரியும்.”

இதைச் சொன்னது நான்தான். சாட்சி இருக்கிறான், மறுக்க முடியாது.

இது வரைக்கும் வெறும் என் பைத்தியம். இதில் என் அக்கா பவானியை நான் இழுத்துவிட்டதுதான் விஷயம்.

அக்கா என்னைவிட நான்கு வயது பெரியவள். பட்டுக் கடையில் வேலை. காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை புடவை விரிப்பதும் மடிப்பதும். வேலைக்குப் போவதற்கு முன் விடிகாலையில் எழுந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பாள். இரண்டு முறை எழுதியாகிவிட்டது. இரண்டாவது முறை இரண்டே கேள்வியில் தவறிப்போனது. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “மூணு தடவைதான்டி. இதுவும் இல்லன்னா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவேன். அப்புறம் புக்கு கிக்குன்னு நீ பேசக் கூடாது.” அக்காவும் ஒத்துக்கொண்டாள். ஒரு வருடம் வீட்டில் டிவி சத்தம் கேட்கவில்லை. ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை வினாடி, இரண்டு பேருந்துகள் எதிரெதிரே எங்கே சந்திக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

தேர்வு மையம் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அக்கா ஆறு மணி பஸ்ஸுக்குப் போவதாகத்தான் இருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“பஸ்ல நின்னுக்கினே போய் தூங்கி வழிஞ்சிக்கினு எழுதப் போறியா? ஏழே முக்காலுக்குக் கெளம்புனா எட்டரைக்கு அங்க நிப்போம்க்கா. நூத்துப்பதினாறு போற வண்டி இது.”

“நூத்துப்பதினாறுல என்னைக் கூட்டிக்கினு போனா எக்ஸாம் ஹாலுக்குப் போவ மாட்டோம், ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். முள்ளு எண்பதைத் தாண்டுச்சுன்னா நடு ரோட்டுல எறங்கிடுவேன்.”

“சரி, எண்பதுலயே போலாம். அம்பத்து நாலை எண்பதால வகுத்துப் பாரு. நாப்பது நிமிஷம்.”

“நாப்பதரை” என்றாள் அக்கா, யோசிக்காமலேயே. கணக்கு சரியாக வந்ததால்தான் அவள் ஒப்புக்கொண்டாள் என்று இப்போது நினைக்கிறேன். என்னை நம்பி அல்ல, வகுத்தலை நம்பி.

(செல்போன் மேப் ஒன்றேகால் மணி நேரம் என்று காட்டியது. “அது லாரிக்காரனுக்குச் சொல்ற டைம்” என்று மூடி வைத்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். ஹாலுக்குள் போன் கூடாது என்பதால் அக்கா அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். பையில் ஹால் டிக்கெட், தண்ணீர் பாட்டில், புதிதாக வாங்கிய இரண்டு கறுப்புப் பேனா. நெடுஞ்சாலையில் ஏறியதும் முள்ளை எண்பதில் நிறுத்தினேன். இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. என் வாழ்க்கையிலேயே ஒழுங்காக வண்டி ஓட்டிய நாள் அதுதான்.

அந்தப் பெருமையில்தான் சுங்குவார்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினேன்.

“எதுக்குடா இப்ப டீ?”

“டைம் கெடக்குதுக்கா. டென்ஷன் ஆவாத. டென்ஷன் ஆனா படிச்சதெல்லாம் மறந்துடும்.”

ஒரு டீ. சூடாக மசால் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தேன். அக்கா எதையும் தொடவில்லை. வண்டி பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். பிறகு மறுபடியும் எண்பது. பிறகு கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டன.

பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் நான் பிரேக் போட்டபோது மணி ஒன்பது நாலு.

கேட் மூடியிருந்தது. வெளியே எங்களைப் போலவே நாலைந்து பேர். ஒருவர் கைக்குழந்தையோடு வந்த மனைவியை எப்படியாவது உள்ளே அனுப்பிவிடப் பார்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார். நானும் போய்க் கம்பியைப் பிடித்து, உள்ளே நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

“சார், நாலு நிமிஷம்தான் சார்.”

“நாலு நிமிஷமோ நாப்பது நிமிஷமோ, மூடுனா மூடுனதுதான்பா. எனக்கு ஒண்ணும் பவர் இல்ல.”

“அவங்க ஒரு வருஷமாப் படிச்சாங்க சார். நான்தான் சார் லேட் பண்ணிட்டேன். வேணும்னா என்னை ஏதாவது பண்ணிக்குங்க...”

“விடுடா” என்றாள் அக்கா. “ரூல்னா ரூல்.”

அவள் அழுவாள் என்று பயந்தேன். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவள் பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்தாள். மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

“எண்பதுல தான வந்த?”

“சத்தியமா எண்பதுதான்க்கா. முள்ளு ஆடவே இல்ல.”

“அப்ப எப்படி லேட்டாவும்?”

அது கோபத்தில் கேட்ட கேள்வி அல்ல. ஒரு வருடமாக ரயிலையும் பஸ்ஸையும் ஓட்டிக் கணக்குப் போட்டவளுக்கு, விடை பொருந்தாத ஒரு கணக்கை அப்படியே விட்டுவிட்டு வர முடியவில்லை.

திரும்பும் வழியில் லாரிக் கூட்டத்தைத் தாண்டியதும், இடது ஓரமாகவே போகச் சொன்னாள். “அறுபதுல வெச்சிக்கோ. ஏத்தாத, எறக்காத.” அப்படியே வைத்தேன். கொஞ்ச தூரம் போனோம். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அறுபத்தெட்டு.”

“என்னாக்கா?”

“நீ ரோட்டைப் பாரு.”

ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கும். “அறுபத்தேழு.” அப்புறம் மறுபடி, “அறுபத்தெட்டு.” தேர்வு போன அதிர்ச்சியில் அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது, எழுதாத தேர்வுக்கு மார்க் போட்டுக்கொண்டு வருகிறாள், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று பயந்துகொண்டே ஓட்டினேன். அந்தப் பயத்திலும் முள் அறுபதைவிட்டு நகரவில்லை.

ஒரு மர நிழலில் நிறுத்தச் சொன்னாள். ஹால் டிக்கெட்டை எடுத்துத் திருப்பினாள். சீட்டின் மேல் வைத்து, தேர்வுக்கு வாங்கிய புதுப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“அறுபதுல போனா ஒரு கிலோமீட்டருக்கு எவ்ளோ நேரம்?”

“ஒரு நிமிஷம். அறுபது செகண்டு.”

“ஒரு கிலோமீட்டர் கல்லுலருந்து அடுத்த கல்லுக்கு உன் வண்டி அறுபத்தெட்டு செகண்டு எடுத்துக்குது. ஒரு தடவை இல்ல, பத்து தடவை பாத்துட்டேன். அப்ப உன் அறுபது, அம்பத்து மூணு. உன் எண்பது, எழுபது புள்ளி ஆறு.” எழுதிக்கொண்டே போனாள். “பத்து கல்லு தாண்டுனோம். உன் மீட்டர்ல பத்து புள்ளி ஏழு ஓடியிருக்குது. கல்லு நட்டவன் தப்பா நட்டானா?”

நான் குனிந்து மீட்டரைப் பார்த்தேன்.

“மீட்டர் கேபிள் எந்த வீல்லருந்து வருது?”

“முன் வீல்லருந்து...” என்று சொல்லும்போதே எனக்குள் ஏதோ இறங்கியது. சின்னச் சக்கரம். அதே தூரத்துக்கு அதிகச் சுற்று. மீட்டர் சுற்றைத்தான் எண்ணும். ரோட்டை அது பார்த்ததே இல்லை. வேகம் கூடவில்லை, மைலேஜ் கூடவில்லை, ஸ்ரீபெரும்புதூரும் எங்கேயும் நகரவில்லை.

“எங்க கடையில மீட்டர் கோலை வெட்டிக் குட்டையாக்கிட்டா புடவை நீளமாயிடுமாடா?” என்றாள் அக்கா. பிறகு கடைசி வரியை எழுதி அடிக்கோடு போட்டாள். “லாரிக் கூட்டத்தை விட்டுட்டா ஹைவே நாப்பத்தெட்டு கிலோமீட்டர். முப்பத்தாறு நிமிஷத்துல வந்திருக்கணும், நாப்பத்தோரு நிமிஷம் ஆயிருக்குது. முள்ளு அஞ்சு நிமிஷம் சாப்டுச்சு. நீ பத்து நிமிஷம் வடை சாப்ட. ஒரே ஒருத்தர் சாப்டிருந்தாக்கூட நான் உள்ள போயிருப்பேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் லேசாகச் சிரித்தாள். கணக்கு முடிந்துவிட்ட சிரிப்பு. அதற்கு அப்புறம்தான் அழுதாள். வண்டிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று, கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை அளக்கும் மீட்டர் என்னிடம் இல்லை.

ஊருக்குள் வந்ததும் நேராகப் பாயிடம் போனேன். அவர் டியூபில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னார். “மீட்டர் ஏத்திக் காட்டும்னு அன்னிக்கே சொன்னேனே தம்பி. நீ வீலைக் கட்டிப் புடிச்சிக்கினு போட்டோ எடுத்துக்கினு இருந்த. அது கெடக்குது, கம்பெனி முள்ளே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். கொறைச்சுக் காட்டக் கூடாதுன்னு ரூலு. உனுது ரெண்டும் சேர்ந்துக்கிச்சு.” யாரும் என்னை ஏமாற்றவில்லை. கூட்டிச் சொல்லும் ஒன்றை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் அக்காவின் மூன்றாவது தடவை என்ன ஆயிற்று என்ற பேச்சு வந்தபோது அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. “நான்தான் எழுதவே இல்லையேம்மா. எழுதாதது எப்படி கணக்குல வரும்?” அம்மா ஒரு வாரம் யோசித்து, வேறு வழியில்லாமல் இன்னொரு வருடம் கொடுத்தாள். அடுத்த முறை அக்கா ஐந்தரை மணி பஸ்ஸில் தனியாகப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைகூட அழைக்கப்படவில்லை. தேறிவிட்டாள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலை கிடைத்தது. ஆனாலும் அந்த ஒரு வருடம் ஒரு வருடம்தான். அதில் தினமும் பத்து மணி நேரம் அவள் புடவை மடித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் சொல்லும் எந்த எண்ணுக்கும் ஒரே கேள்விதான். “பத்து நிமிஷத்துல வந்துடறேம்மா” என்றால், “முள்ளுலயா, கல்லுலயா?” என்பாள் அம்மா. சம்பளம் எவ்வளவு என்று சொன்னபோது சித்தப்பா கேட்டார். அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, “வயசு இருபத்தொம்போதுங்க” என்று மாப்பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் அக்காவே கேட்டுவிட்டாள். (கல்லில்தானாம். கல்யாணம் நடந்தது.)

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய அளவிலேயே ரிம் வாங்கிப் போட்டு, வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர்.

“ஏறுக்கா. அஞ்சு நிமிஷம்.”

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நேரம் நிறைய வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள். எனக்கு வண்டியை அங்கேயே விடவும் மனமில்லை, அவளைத் தனியே விடவும் மனமில்லை. தள்ளிக்கொண்டே கூட நடந்தேன். தெருவே பார்த்தது.

பாதி வழியில் பழக்க தோஷத்தில் மீட்டரைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டுதான் இருந்தோம். முள் மட்டும் பூஜ்ஜியத்திலேயே கிடந்தது. நான் பார்த்து அது குறைத்துச் சொன்னது அன்றைக்குத்தான்.