சரிபாதியில் மடிந்த மெழுகு

ஷெஃபீல்ட்,
நவம்பர் 1985

அன்புள்ள எனிட் அக்காவுக்கு,

தம்பி க்ளிஃபர்ட் எழுதுவது. நானும் மகள் பெவர்லியும் சுகம். ஸ்கார்பரோ கடற்காற்று உங்கள் மூட்டுவலியைக் கூட்டாமல் இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மருமகள் மூன்று வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் மெழுகு செய்கிறாள். மெழுகு என்பதே கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுச் சங்கிலிகள்தானாம்; கடை மெழுகில் அவை நெட்டையும் குட்டையுமாகக் கலந்து கிடக்குமாம். இவளுடையதில் எல்லாம் ஒரே நீளம். இரண்டை ஒட்டி ஒன்றாக்கி, அப்படி ஒட்டியதில் இரண்டை மறுபடி ஒட்டி, கடைசியில் மிஞ்சியது ஒரு சிட்டிகைப் பொடி. அதைப் படிகமாக்கினால் சங்கிலிகள் அடுக்கடுக்காக நிற்குமாம், ஓர் அடுக்கின் தடிமன் ஒரு சங்கிலி நீளம் இருக்க வேண்டுமாம்; எக்ஸ்ரேயில் வைத்தால் பாதிதான்! அவளுடைய மேலதிகாரி டாக்டர் பிரிட்சர்ட், "கடைசி ஒட்டு ஒட்டவே இல்லம்மா, பாதிச் சங்கிலியத்தான் செஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யாராச்சும் வெட்டிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அது கண்ணுக்கே தெரியாதுப்பா!" என்றவள், "ஒருவேளை மடிஞ்சிருந்தா? ஆனா கன்னாபின்னான்னுல்ல மடியணும், சரிபாதியில எப்படி?" என்றாள்.

எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடிச்சுக்கிச்சு அக்கா, வீட்டுல இருக்கிற ஷூ லேஸையெல்லாம் உருவி மேஜையில கொட்டிக் குலுக்கிப் பார்த்தேன், ஒண்ணுகூட மடியல, முடிச்சுதான் விழுந்துச்சு, அவிழ்க்க முடியாம ஞாயித்துக்கிழமை வீட்டுச் செருப்போட சர்ச்சுக்குப் போனேன், பாதிரியார் என் காலையே பார்த்துப் பிரசங்கம் பண்ணினாரு.

பெவர்லி விடவில்லை. மிச்சப் பொடியைச் சங்கிலியின் எடை சொல்லும் கருவிக்குக் கொடுத்தாள். நேற்றுப் பதில் வந்தது: எடை முழுச் சங்கிலிக்கு உரியது, அதாவது முழு நீளம்! சங்கிலிதான் நட்டநடுவில் மடிந்திருக்கிறது. நுனி உள்ளே மாட்டினால் அடுக்குக்கு இடைஞ்சலாம்; அதனால் இரண்டு நுனியும் ஒரே பக்கம் வெளியே வருகிற மாதிரி மடிகிறதாம். பிரிட்சர்ட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாராம்.

ஆகவே அக்கா, ஒரே நீளச் சங்கிலி பாதியில்தான் மடியும். யார் கேட்டாலும் அடித்துச் சொல்லலாம்.

அத்தானுக்கு என் அன்பு. ஆண்டவர் இந்தக் குளிரில் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

தம்பி,
க்ளிஃபர்ட்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். பெவர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து போன் பண்ணினாள். அதே பொடியை உருக்கி மெதுவாக ஆறவிட்டாளாம். ஒரு சங்கிலிகூட மடியவில்லை, எல்லாம் விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறதாம். "அப்போ எதுதாம்மா நெசம்?" என்றால், "ரெண்டுமேதாம்ப்பா! ஏன்னுதான் தெரியல" என்று சிரிக்கிறாள். பாதியில்தான் மடியும் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தோமே, நாங்கள் வரவில்லை. நாளையிலிருந்து நானும் ஆய்வுக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.