உலர்ந்த தரையின் சாட்சி

பொருள்கள் ஏன் கீழே விழுகின்றன என்பதை அறிவியல் என்றோ கண்டுபிடித்துவிட்டது. விழுந்தால் அது யார் குற்றம் என்ற அடுத்த கேள்வியில்தான் முந்நூறு ஆண்டுகளாகத் திகைத்து நின்றது. அந்த இருளைப் போக்கியது எங்கள் வணிக வளாகம். விழுந்தவர் குற்றம். இவ்வளவு சுருக்கமான விதி இயற்பியலில் வேறு இல்லை. நான் இயற்பியல் படித்தவள், தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் வளாகத்தில் நான்கு மாடிகள், நூற்றுப் பன்னிரண்டு கடைகள். தரை முழுக்கப் பளிங்கு. முகம் பார்த்துத் தலை வாரலாம். அந்தத் தரை எவ்வளவு வழுக்குகிறது என்று கருவி வைத்து அளப்பது என் வேலை. பதவியின் பெயர் "தரை நல அலுவலர்". மனிதர் நலத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

யாராவது விழுந்தால் செய்ய வேண்டியவற்றை வளாகம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. முதலில் "கவனம், ஈரத் தரை" என்ற மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிறகு விழுந்தவரும் பலகையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுக்க வேண்டும். பிறகு தரையைத் துடைத்து, மின்விசிறி வைத்து உலர்த்தி, நான் அளக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின் விழுந்தவரைத் தூக்கத் தடையில்லை.

இரண்டாம் மாடியில் ஏசி குழாய் பதினோரு நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. புகார்ப் புத்தகத்தில் பதினோரு முறை பதிவாகியிருந்தது. எதையும் பதிவு செய்யாமல் விடுவதில்லை என்பது எங்கள் பெருமை. பன்னிரண்டாம் நாள் காலை, நூல்கண்டு வாங்க வந்த தையல்காரம்மா ஒருவர் அங்கே வழுக்கி விழுந்தார். வலது இடுப்பெலும்பு முறிந்தது. அவரைச் சுற்றித் துடைத்தோம். அளந்தேன். மிக நல்ல தரை.

அடுத்து விபத்துப் படிவம். "காரணம்" என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: மயக்கம், அவசரம், கைப்பேசி, காலணி. தண்ணீருக்குக் கட்டம் இல்லை. அந்தம்மா வலியில் கண்ணை மூடிக் கிடந்தார். மயக்கம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு அலுவலகத்துக்கு வந்தார். கூடவே மகன், அவர் முழங்கையை விடாமல் பிடித்தபடி.

"ஏம்மா, நீதானே எழுதினே?" என்று என்னைக் கேட்டார். "எனக்கு உங்க காசு வேணாம். தரையில தண்ணி இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. போதும்."

"எதுக்கும்மா?" என்றார் மேலாளர்.

"எனக்கு மயக்கம் வருதுன்னு இவன் நம்பிட்டான் சார். தையல் மெஷினை அறையில வெச்சுப் பூட்டிட்டான். தெருமுனை வரைக்கும்கூடத் தனியா விடமாட்டேங்கிறான். எனக்கு அம்பத்திரண்டு வயசு. இன்னும் முப்பது வருஷம் நான் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஊசி ஓடும்போது மயக்கம் வந்தா விரல் போயிடும்லம்மா," என்றான் மகன். நல்ல பிள்ளை. எங்கள் படிவத்தை வேதவாக்காக மதித்தவன்.

மேலாளர் நெகிழ்ந்துபோனார். சக்கர நாற்காலி தருகிறோம், கண் பரிசோதனை செய்துதருகிறோம், பூங்கொத்து அனுப்புகிறோம் என்றார். தண்ணீரை மட்டும் தர இயலாது என்றார்.

அந்தம்மா வழக்குப் போட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. மேலாளர், வக்கீல், துப்புரவு அக்கா, நான். மேசையில் அந்தப் படம். வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இது என்ன? பலகையோட கால் அந்தம்மா பை வார் மேல நிக்குது?"

"அவங்க விழுந்த பிறகுதானே சார் பலகையைக் கொண்டாந்தேன்?" என்றார் துப்புரவு அக்கா. "அவசரத்துல கீழ பாக்கலை."

"அக்கா, நீங்க துடைக்கிற வேலைக்கு வந்தீங்களா, ஞாபகம் வெச்சுக்கிற வேலைக்கு வந்தீங்களா?" என்றார் மேலாளர்.

வக்கீல் யோசித்தார். "விழுற வேகத்துல பை முன்னாடி பறந்து, வார் பலகைக்கு அடியில போய் நுழைஞ்சிருக்கலாம். அறிவியல்ல இதுக்கு இடம் இருக்காம்மா?"

பலகை ஒரு நொடி எழும்பி நின்று வழிவிட்டிருந்தால் இடம் இருக்கிறது என்று நினைத்தேன். "பாக்கணும் சார்," என்றேன். எனக்குக் கூட்டங்களில் பேச வராது. அதனாலேயே என்னை எல்லாக் கூட்டத்துக்கும் அழைப்பார்கள்.

படத்தின் கீழ்ப்பகுதி "தேவைக்கு மிகுதி" என்று ஒருமனதாகத் தீர்மானித்து வெட்டப்பட்டது. துப்புரவு அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுக்கப் போனதால் ஒருமனது எளிதாயிற்று.

நீதிமன்றத்தில் எங்கள் வக்கீலின் வாதம் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. "ஈரம் என்று பலகை வைத்து எச்சரித்தோம். தரையோ உலர்ந்திருந்தது, ஆகவே எச்சரிக்கவே தேவையில்லை. அவருக்கு வந்ததோ மயக்கம், ஆகவே எச்சரித்தும் பயனில்லை." மூன்றில் எதைப் பிடித்தாலும் மற்ற இரண்டும் வந்து காப்பாற்றும்.

பிறகு என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீல் முன்பே பாடம் சொல்லியிருந்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததைச் சொல்றது கோர்ட்டுக்கு மரியாதை இல்லம்மா."

அந்தம்மாவின் வக்கீல் இளைஞர். அவசரத்தில் இருந்தார்.

"நீங்க அளந்தப்போ தரை எப்படி இருந்தது?"

"உலர்ந்திருந்தது."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அளப்பதற்கு முன் யார் துடைத்தது என்றாவது கேட்பார் என்று நின்றேன். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கூண்டுப் படியை ஒவ்வொன்றாகப் பார்த்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வழக்கு தள்ளுபடி.

வெளியே தாழ்வாரத்தில் அந்தம்மா என் எதிரே வந்து நின்றார். மகன் வழக்கம்போல முழங்கையைப் பிடித்திருந்தான்.

"கோர்ட்டுல சொன்னதை விடும்மா," என்றார். "இப்ப இங்க யாரும் எழுதப் போறதில்ல. எனக்கு மட்டும் சொல்லு. தண்ணி இருந்துச்சா, இல்லையா?"

மேலாளர் நான்கடி தள்ளி கைப்பேசியில் யாருக்கோ வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா, அவங்க படிச்சவங்க. இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்றான் மகன்.

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை. பிறகு அவர் குரல் இறங்கியது.

"முதுகெல்லாம் நனைஞ்ச மாதிரி இருந்துச்சேடா... அதுவும் நினைப்புத்தான் போல. மயக்கமாத்தான் இருந்திருக்கும்." மகன் தோளில் கையை வைத்தார். "அந்த மெஷினை யாருக்காவது குடுத்துடு. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அன்று அவர் விழுந்தபோது நான் பக்கத்தில் இல்லை, தள்ளியது தண்ணீர். இன்று ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்தேன். அந்த இடத்தில் சொட்டு ஈரம் கிடையாது. தள்ளியது நான்.