மூன்று இடத்தில் மட்டும் ஒழுகிய கூரை

மலேசியாவின் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் மனு எழுதியே ஒரு லயத்தை, தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, நனைய வைத்த மனிதர் எங்கள் ஸ்தோத்திர மண்டோர் ஒருவர்தான். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. பெயர்ப்பதிவும் கணக்கும் எழுதும் தோட்டத்துக் கிராணியான எனக்கே அது சட்டென்று நினைவுக்கு வராது.

எண்பதுகளின் தொடக்கம். ரப்பர்க் காட்டில் ஆட்களை வேலை வாங்குவது மண்டோரின் பொறுப்பு. இவர் வேலை வாங்கியதைவிட துதித்தது அதிகம். அட்டை கடித்தால் ஒரு ஸ்தோத்திரம், கடித்த அட்டை விழுந்தால் இன்னொன்று. ஒருநாள் சைக்கிள் டயர் வெடித்துக் குப்புற விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "முன் டயருதான் போச்சு, பின்னது நல்லாருக்கு. ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சிரித்தார். நடிப்பில்லை. பொரித்த மீனைக் கண்ட பிள்ளையின் குதூகலம் அந்த முகத்தில் இருந்தது.

லயத்தில் கூரை ஒழுகியது. எழுதத் தெரிந்தவர் என்று மனுவை அவரிடம் விட்டார்கள். அவர் எழுதினார்: "பத்து இடத்தில் ஒழுக வேண்டிய கூரை மூன்று இடத்தில் மட்டுமே ஒழுகுகிறது. ஸ்தோத்திரம். அதையும் அடைத்துத் தந்தால் நலம்."

தோட்ட நிர்வாகியான துரைக்குத் தமிழ் தெரியாது. மனுவை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் வேலை. ஸ்தோத்திரத்துக்கு நான் போட்ட வார்த்தை 'தேங்க் யூ சார்'. துரை பூரித்துப்போய், மக்களுக்குத் திருப்தி என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்.

லயமே மண்டோரைப் பிடித்துக்கொண்டது. "நான் தொரைக்கா சொன்னேன்? ஆண்டவருக்குல்ல சொன்னேன்" என்று விழித்தார். பெயர்த்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மூன்று வருடம் அந்த மூன்று இடத்திலும் வாளி வைத்தார்கள்.

பிறகு தோட்டத்தையே விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். யாருக்கும் போக்கிடம் இல்லை. ஆறு மாதம் தவணை கேட்டு ஒரு மனு கொடுப்பது என்று முடிவானது.

"மண்டோரே, இந்த வாட்டி ஸ்தோத்திரம் மட்டும் வேணாம்லா" என்றாள் பால்வெட்டு முனியம்மா.

ஞாயிறு ஆராதனை முடிந்து எழுத உட்கார்ந்தவர், மாலைவரை ஒரு வரி எழுதவில்லை. "கிராணியாரே, அத விட்டுட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலயே" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். நானே எழுதினேன். நன்றி மருந்துக்கும் இல்லை. பதில் ஒரே வார்த்தையில் வந்தது: முடியாது.

கடைசி நாள் லோரியில் சாமான் ஏறியது. மண்டோர் வாசலில் நின்று வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் அவரைக் கேலி செய்த எங்களுக்கு அது தாங்கவில்லை.

"ஒன்னாச்சும் சொல்லுங்க மண்டோரே" என்று முனியம்மா அழுதாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "மழ இல்ல. சாமான் நனையாது. ஸ்தோத்திரம்."

லோரி பத்தாங் பெர்ஜுந்தை சாலையைத் தொடுவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. பாய், தலையணை, அரிசி எல்லாம் நாசம். வேலை போன நானும் அதே லோரியில்தான் இருந்தேன். எங்கே போய் இறங்குவோம் என்று ஒருவருக்கும் தெரியாது. தார்ப்பாய்க்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "இனிமே அந்தக் கூரை நம்ம மேல ஒழுகாதுலா. ஸ்தோத்திரம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அப்போதுதான் அந்த 'தேங்க் யூ சார்' விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"அப்பவே தெரியும்லா கிராணியாரே" என்று தார்ப்பாயைத் தூக்கி எனக்கும் இடம் விட்டார்.

இப்போது என் வீட்டுக் கூரை ஒழுகுவதில்லை. நான் தேவாலயத்துக்குப் போகிறவனும் இல்லை. ஆனாலும் மழை பிடித்தால் அண்ணாந்து பார்த்து, அவர் பங்குக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறேன்.