கருந்துளை அறிமுகக் குழுவின் மகத்தான வெற்றி

பிரபஞ்சத்தில் கருந்துளைகள் எத்தனையோ கோடி ஆண்டுகளாகத் தம்பாட்டுக்கு இருந்து வருகின்றன. அவற்றைக் குழந்தைகளுக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைத்த பெருமை எங்கள் குழந்தைகள் நூலகத்தையே சேரும். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அதில் எனக்கும் பங்குண்டு. அடக்கம் கருதி, பாதி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

யோசனை என்னவோ அறிவியல் டீச்சருடையதுதான். "ஒரு போர்வை, ஒரு இரும்புக் குண்டு, நாலு கோலி போதும் சார். அரை மணி நேரத்துல புரிய வெச்சிடலாம்" என்றார். அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டால் அதற்கு என்ன மரியாதை? உடனே பதினோரு பேர் கொண்ட "கருந்துளை அறிமுகக் குழு"வை அமைத்தோம்.

அறிமுக விழாவுக்கான ஒத்திகையில்தான் வினை வந்தது. என் எட்டு வயது மகள் எழுந்து, "டீச்சர், உள்ள விழுந்ததெல்லாம் கடைசில என்னதான் ஆகும்?" என்று கேட்டாள். ஒரு வாரமாக வீட்டில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த கேள்வி அது.

டீச்சர் கொஞ்சமும் கூசாமல், "அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதும்மா. எனக்கும் தெரியாது" என்றார்.

குழுவின் தலைவரான நூலகத் துறைத் துணை இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. "பிள்ளைங்க முன்னாடி தெரியாதுன்னு சொல்றதா? இந்தப் பழக்கம் நம்ம ஆபீஸ் வரைக்கும் வந்துட்டா என்ன ஆகுறது?"

"தெரியாதத வேற எப்படி சார் சொல்றது?"

குழு டீச்சருக்குக் கடைசி வரிசையில் ஓர் இருக்கையை ஒதுக்கியது. "தெரியாது" என்ற சொல்லுக்கே இடமில்லாமல் ஆறு கேள்விகளும் ஆறு பதில்களும் தயாராயின. கேள்விகளை ஆறு குழந்தைகள் ஆளுக்கொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். பதில்களைத் துணை இயக்குநரே வரிசையாக வாசிப்பார். மகளுக்கு ஆறாவது கேள்வி.

"நான் கேட்டது இது இல்லப்பா."

"மொதல்ல இதக் கேளு. உன்னோடத அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக்கழித்தேன்.

விழா நாளில் அரங்கு நிரம்பி வழிந்தது. முதல் கேள்வி அமோகம். இரண்டாவது கேள்விக்குரிய பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. மூன்றாவது கேள்விக்காரி எழுந்து, "கருந்துளை எங்கே இருக்கிறது?" என்றாள்.

துணை இயக்குநர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டாவது பதிலை வாசித்தார். "நாற்பது லட்சம் சூரியன்களின் எடை."

பெரியவர்கள் கை தட்டினோம்.

"அதனால் பூமிக்கு ஆபத்து உண்டா?"

"நமது பால்வெளியின் நட்டநடுவில் இருக்கிறது."

"உள்ளே போகிற மனிதர்கள் என்ன ஆவார்கள்?"

"எந்த ஆபத்தும் இல்லை. யாரும் பயப்பட வேண்டாம்."

பலத்த கைதட்டல். பிள்ளைகள் மட்டும் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மகள் எழுந்தாள்.

"விஞ்ஞானிகள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

"நூல் மாதிரி இழுபட்டு நீண்டுபோவார்கள்."

"சார், அது இப்ப இவன் கேட்டதுக்குப் பதில்."

"பதில் குழுவோட ஒப்புதல் வாங்கினது. நீ உன் கேள்வியச் சரிபாத்துக்கோ" என்றார் துணை இயக்குநர். அரங்கம் அதிர்ந்தது. என் கைகளும் சும்மா இருக்கவில்லை.

விழா முடிந்ததும் டீச்சர் முற்றத்தில் போர்வையை விரித்துவிட்டார். நாலு பிள்ளைகள் நாலு முனையைப் பிடித்திருக்க, நடுவில் இரும்புக் குண்டு போர்வையைக் குழியாக்கி அமர்ந்திருந்தது. கோலிகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து விழ, ஒரே கும்மாளம். நான் கண்டும் காணாததுபோல் அறைக்குப் போய் அறிக்கை எழுதினேன். "பதில் கிடைக்காத கேள்விகள்: ஒன்றுமில்லை."

மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "டீச்சர் மறுபடியும் தெரியாதுன்னுதாம்பா சொன்னாங்க. நான் கண்டுபிடிச்சா அவங்களுக்கும் வந்து சொல்லணுமாம்." முகமெல்லாம் பூரிப்பு. பிறகு என் அறிக்கையை எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பதிலெல்லாம் தப்புன்னு உங்களுக்குத் தெரியும்தானே? அப்புறம் எதுக்குப்பா கை தட்டினீங்க?"

அறிக்கையில் "ஒன்றுமில்லை" என்பதை அடித்துவிட்டு, "ஒன்று" என்று எழுதினேன்.