சேற்றுக்குக் குடிபோன படங்கள்

“படங்கள் சேமிக்கப்படவில்லை” என்று செல்போன் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருந்தது. பொறுமை இழந்த ஸெனான், கிராகோ நகரில் படிக்கும் மகளைக் கூப்பிட்டார்.

“மார்த்தா, இந்தச் சனியன் ஒரு வாரமா படத்தை மேலே ஏத்த மாட்டேங்குதும்மா.”

“செட்டிங்ஸ்ல ‘பேக்கப்’னு இருக்கும்ப்பா, அதை ஆன் பண்ணுங்க. வேற ஏதாவது கேட்டா படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்க.”

ஸெனான் பேருந்து ஓட்டுநர். பச்சையைக் கண்டால் போய்க்கொண்டே இருப்பார். திரையில் பச்சைப் பொத்தான் வந்த இடத்திலெல்லாம் அமுக்கினார்.

மாலைக்குள் படங்கள் ஏறிவிட்டன. ஏறிய இடம்தான் வினை. மனைவி, மாமியார், மச்சான் என்று குடும்பமே பார்க்கும் பொது ஆல்பத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தன. ஒரு படத்தைத் தொட்டார். கீழே வரைபடம் விரிந்தது. காட்டின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி.

ஸெனான் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

மேட்டுக் காட்டில், இடி விழுந்த ஓக் மரத்தடி! இலையுதிர் காலத்தில் போரோவிக் காளான் கொழுகொழுவென்று முளைக்கும் இடம். பாவமன்னிப்புக் கூண்டில்கூட அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பாதிரியார் வீட்டிலும் ஒரு காளான் கூடை இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை மாமியார் வைக்கும் பீட்ரூட் சூப்பில் குட்டிக் கொழுக்கட்டைகள் மிதக்கும். அந்தக் கொழுக்கட்டைகளுக்குள் இருப்பது யார் பறித்த காளானோ, அவருக்குத்தான் மாமியார் பக்கத்து நாற்காலியும் முதல் கிண்ணமும். அந்த நாற்காலி வருடா வருடம் ஸெனானுடையது. மச்சான் ரிஷார்டின் காளான்கள் ஊறுகாய் ஜாடியோடு சரி.

போன் அடித்தது. ரிஷார்டேதான்.

“மாப்ளே! காளான் படமெல்லாம் பிரமாதம். தொட்டா மேப் வருதாமே?”

“அ... அது தப்புத் தப்பா காட்டும் மச்சான்!”

“எப்படிக் காட்டினா என்ன, என் கண்ணாடியைக் காணோம். எல்லாம் பூசினாப்பல தெரியுது. நாளைக்குத் தேடி எடுத்து நிதானமா பாக்கறேன்.”

ஒரு ராத்திரி அவகாசம்! ஸெனான் எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் அழித்தார். பெருமூச்சு பாதியில் இருக்கும்போதே சமையலறையிலிருந்து மனைவி ஹலினாவின் குரல் வந்தது.

“ஏங்க! எங்க அம்மாவோட எண்பதாவது பிறந்தநாள் படமெல்லாம் எங்கே?”

“என் போன்லதானே அழிச்சேன்...”

“இங்க அழிச்சா அங்கேயும் போயிடும்! எங்க அம்மா மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க!”

போனுக்குள் இருந்த குப்பைத் தொட்டியைக் கிளறி எல்லாப் படங்களையும் மீட்டார். மாமியார் திரும்பி வந்தார். காளானும் கூடவே வந்தது. போதாக்குறைக்கு செல்போன் தானாகவே காளான் படங்களை மட்டும் கோத்து, பின்னணியில் பியானோ வாசித்து, ‘இனிய நினைவுகள்’ என்று ஒரு வீடியோ செய்து ஆல்பத்தின் உச்சியில் வைத்தது.

மறுபடியும் மகள்.

“எதையும் அழிக்காதீங்கப்பா. மேப்ல காட்டற இடத்தை மட்டும் மாத்திக்கலாம்.”

ஸெனானின் முகம் மலர்ந்தது. பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. தவளைகூட யோசித்துத்தான் இறங்கும். எல்லாப் படங்களையும் அள்ளி அங்கே போட்டார்.

ஹலினா எட்டிப் பார்த்தாள். “எங்க அம்மா பிறந்தநாள், நம்ம கல்யாணம் எல்லாம் சூளைச் சேத்துலயா நடந்துச்சு?”

“கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கேயே நடந்ததா இருக்கட்டும்!”

மறுநாள் மதியம் வாசல் மணி அடித்தது. ரிஷார்ட் நின்றிருந்தார். முழங்கால் வரை சேறு. மூக்கில் கண்ணாடி. இரண்டு கைகளிலும் கூடை, கூடை தளும்பப் போரோவிக். கொழுப்பிலும் மணத்திலும் ஓக் மரத்தடிக் காளானுக்கு அச்சு அசல் அண்ணன் தம்பி.

“கண்ணாடி சட்டைப் பையிலயே இருந்துச்சு மாப்ளே!” கூடைகளை வைத்துவிட்டு ஸெனானைக் கட்டிக்கொண்டார். “நீ மனுஷன் இல்ல, தெய்வம்! இப்படி ஒரு இடத்தைக் குடும்பத்துக்குத் திறந்து காட்ட யாருக்கு மனசு வரும்? அந்தச் சேத்துல தங்கமா விளைஞ்சு கிடக்கு!”

ஸெனான் கூடைகளையே வெறித்தார். கண்ணெதிரே புதையல் கிடந்திருக்கிறது. அதைத் தானே மச்சானுக்குக் கைகாட்டிவிட்டோமே! நாற்காலி நகரும் சத்தமே காதில் கேட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் ஓக் மரத்தை மறந்து சதுப்புக்கு ஓடினார். இடுப்பு வரை இறங்கித் துழாவினார். ஒரு பூட்ஸைச் சேறு விழுங்கிக்கொண்டது. கிடைத்தது அட்டைப்பூச்சிகள் மட்டுமே. மச்சான் எந்தப் பக்கம் பறித்தார் என்று நைசாகக் கேட்டுவிடலாம் என்று, நொண்டிக்கொண்டே ரிஷார்ட் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

திறந்தது ரிஷார்டின் மனைவி தனுதா. அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“அட, நீங்களுமா அண்ணே? முந்தாநாள் ராத்திரி அந்தச் சிவப்புப் புள்ளி காட்டிலேர்ந்து சேத்துக்குத் தாவற வரைக்கும் போனையே பாத்துட்டு, நேத்து அந்த இடி விழுந்த ஓக் மரத்தடியிலேர்ந்து கூடையோட வந்தவர், நம்ம தோட்டத்துல குழாயைத் திறந்துவிட்டு முழங்கால் வரைக்கும் சேறு பூசிக்கிட்டுத்தான் உங்க வீட்டுக்குக் கிளம்பினார்!”