ஜமுக்காளம் தின்ற வண்டி

என் மாமனார் ஆறு மாதம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த ஆறு மாதத்தில் என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றையும் நான் எப்படிக் கெடுத்தேன் என்பதை இனிமேல் மறைத்துப் பயனில்லை. கோயம்புத்தூரில் அவருடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஏற்கெனவே தெரியும். (நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு சித்தப்பா, தீபாவளிக்கு போனில் வாழ்த்துச் சொன்ன கையோடு இதைத்தான் விசாரித்தார்.)

மாமா நாற்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர். மோட்டார் பம்புகளுக்கு வால்வு கடைந்து கொடுப்பது தொழில். ஒரே ஒரு முறை, ராக்கெட் எஞ்சின் சோதனைக்கு என்று சொல்லி ஒரு பெட்டி வால்வு வாங்கிப் போனார்கள். அவை எதில் மாட்டப்பட்டன, தாங்கினவா, வெடித்தனவா என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இருபது வருடமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தவர், ஊருக்குத் திரும்பப் பத்து நாள் இருக்கும்போது, டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோவில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"ஏனுங்க மாப்ள, இந்த டெக்ஸாஸ்லயே எங்கியோ ராக்கெட் எஞ்சினக் கட்டிப்போட்டு எரிச்சுப் பாக்கறாங்களாமா. அந்தத் தீய ஒருக்கா கண்ணுல பாத்துட்டா போதுமுங்க. சிரமம்னா வேண்டாமுங்க."

நான் ஐ.டி.யில் ப்ராஜெக்ட் மேனேஜர். சின்ன வேலையையும் பெரிய சிரமமாக மாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உடனே எக்ஸெல்லைத் திறந்தேன். மேற்கு டெக்ஸாஸ் பொட்டலில் அப்படி ஒரு ஊர் இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே சோதனை. ஊரில் ஹோட்டல் கிடையாது. அதனால் என்ன? கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். "காரு போதாதாங்க?" என்று என் மனைவி கல்பனா கேட்டாள். அவளுக்குத் தொலைநோக்கு இல்லை என்று அப்போது நினைத்தேன்.

அந்த வண்டியில் ஒரு வித்தை உண்டு. பட்டனை அமுக்கினால் பக்கச் சுவர் அப்படியே மேஜை டிராயர் மாதிரி வெளியே நகரும். உள்ளே ஒரு சின்ன ஹால் கிடைக்கும். கிளம்பும் முன் மறுபடி உள்ளே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை ஓட்ட முடியாது. இழுக்கும்போது தரையில் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது என்று வாடகைக்குக் கொடுத்தவர் மூன்று தடவை சொன்னார். நான் ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங்கை வைத்துக்கொண்டு, மூன்று தடவையும் "காட் இட்" என்றேன்.

மாமா, அத்தை, கல்பனா, எங்கள் பெண், நான் என்று ஐந்து பேரும் எட்டு மணி நேரம் ஓட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஊர் என்றால் ஒரு கேஸ் ஸ்டேஷன், ஒரு தண்ணீர்த் தொட்டி, மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். வண்டிகளை நிறுத்த ஒரு மண் திடல் விட்டிருந்தார்கள். திடலுக்கும் சோதனை மேடைக்கும் நடுவில் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதைச் சுற்றி எட்டு மைல் போனால் ரோட்டோரத்திலிருந்து எஞ்சின் நன்றாகத் தெரியுமாம். ஆனால் காலை ஒன்பதரைக்கு அந்த ரோட்டை அடைத்துவிடுவார்கள். மாமா அன்று இருட்டும்வரை அந்தக் கரட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அத்தை இட்லி அவித்தார். பேசாமல் மேஜையில் வைத்துச் சாப்பிட்டிருக்கலாம். எனக்குத்தான் அன்று பாசம் பொங்கியது. அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளத்தை எடுத்து ஹால் முழுக்க விரித்தேன்.

"எதுக்குங்க மாப்ள, மேசயே போதுமுங்க" என்றார் அத்தை.

"சும்மா உக்காருங்க அத்தை. நம்ம வீடு மாதிரி இருக்கணும்ல?"

எட்டரை மணிக்கு எல்லோரும் எழுந்து கை கழுவினார்கள். எக்ஸெல்லில் எட்டரைக்கு நேராகக் 'கிளம்புதல்' என்று இருந்தது. நான் பட்டனை அமுக்கினேன்.

சுவர் மெல்ல உள்ளே வந்தது. வரும்போதே ஜமுக்காளத்தின் ஓரத்தைக் கவ்வியது. பிறகு நிதானமாக உள்ளே இழுக்க ஆரம்பித்தது. இரண்டு தட்டு, ஒரு சட்னிக் கிண்ணம், என் இடது செருப்பு எல்லாம் அதன்மேல் ஊர்வலம் போயின. "டாடி, ஸ்டாப்! இட்ஸ் ஈட்டிங் தி கார்ப்பெட்!" என்று என் பெண் மீனு கத்தினாள். ஒரு நல்ல மேனேஜர் பாதியில் நிறுத்தமாட்டான். இன்னும் அழுத்தி அமுக்கினேன். உள்ளே எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சுவர் நின்றுவிட்டது. பாதி உள்ளே, பாதி வெளியே.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் அதே பாட்டு மறுபடி வந்தது. திடலில் இருந்த மற்ற வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். ஒன்பதே காலுக்கு மிச்சம் இருந்தது பக்கத்து வண்டிக்காரர்கள் மட்டும்தான். வயதான வெள்ளைக்காரத் தம்பதி, தங்கள் பெரிய வண்டிக்குப் பின்னால் ஒரு சின்னக் காரையும் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அந்தக் காரில் ஏறியவர்கள், எங்கள் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார்கள். பின் சீட்டில் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது, வருகிறீர்களா என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

கடவுள் இவ்வளவு நேரடியாக வந்து யாருக்கும் உதவியிருக்க மாட்டார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "மாமா, உங்களக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க."

மாமா பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில், கழுத்தில் பைனாகுலரோடு நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் கூப்பினார்.

"அட, எதுக்குங்க அவங்களுக்குச் சிரமம். இருக்கட்டுமுங்க, வேண்டாமுங்க."

கொங்கு நாட்டுக்காரர் முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்லிவிட மாட்டார். உடனே சரி என்பது மரியாதை இல்லை. இரண்டாவது தடவையும் இருக்கட்டும் என்பார். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் வருவார். எனக்கு இது கல்யாணமான நாளிலிருந்தே தெரியும். அமெரிக்காக்காரர் ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார் என்பதும் பதினான்கு வருடமாகத் தெரியும். இந்த இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பொட்டலில் நான்தான். அப்படிப்பட்ட நான், அந்த அம்மாளிடம் திரும்பி, அழகான ஆங்கிலத்தில், "நோ, தேங்க் யூ. வீ ஆர் குட்" என்றேன்.

"ஓகே! ஹேவ் எ குட் ஒன்!" என்றார் அவர். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

மாமாவின் கை இன்னும் கூப்பியபடியே இருந்தது. முகத்தில் சிரிப்பும் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒற்றைச் செருப்போடு காருக்குப் பின்னால் ஓடினேன். இரண்டு கையையும் ஆட்டி "வெயிட்! வெயிட்!" என்று கத்தினேன். அந்தத் தம்பதியும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அன்போடு டாட்டா காட்டினார்கள்.

திரும்பி வந்தபோது கல்பனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாமா பைனாகுலரைக் கழற்றி மீனுவிடம் கொடுத்தார். சட்டையையும் கழற்றி மடித்து வைத்தார். "செவுத்த நகத்தறதுக்குக் கையால சுத்தற மாதிரி ஒரு கம்பி இருக்கோணுமுங்களே மாப்ள" என்று தேடி எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனார். வெளியே தெரிந்தது அவருடைய இரண்டு பாதம் மட்டும்தான். நான் பக்கத்தில் குத்தவைத்து, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தேன். அதிலும் இரண்டு தப்பு.

பத்து மணி. முதலில் தரை அதிர்ந்தது. பிறகு சத்தம் வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ புகுந்து உலுக்குவது போன்ற சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கடகடத்தன. மாமா அடியிலிருந்து வெளியே வரப் பார்த்தார். உடம்பு முழுக்கக் கிரீஸ், அவசரத்தில் பனியன் ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது. நான் காலைப் பிடித்து இழுத்தேன். பனியன் கிழிந்து அவர் வெளியே வந்து நிமிர்ந்தபோது சத்தம் நின்றுவிட்டிருந்தது. கரட்டுக்கு மேலே வெள்ளைப் புகை மட்டும் எழும்பி நின்றது.

மாமா அந்தப் புகை கலைகிற வரைக்கும் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.

பிறகு மறுபடி அடியில் புகுந்து, பதினைந்து நிமிடத்தில் ஜமுக்காளத்தை விடுவித்தார் மாமா. அதற்குள் அந்தத் தம்பதி திரும்பி வந்து, போனில் எடுத்த வீடியோவை மாமாவிடம் காட்டினார்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு தீ. மாமா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, அவங்க ரெண்டாவது தடவ கூப்படவே இல்லீங்களே?"

அவ்வளவுதான். வீடு வந்து சேரும்வரை எட்டு மணி நேரமும் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஃபிளைட் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வருடம் நாங்கள் கோயம்புத்தூர் போனோம். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். பந்தியில் அத்தை நெய் மணக்க ஒப்புட்டு, அதாவது போளி, கொண்டுவந்தார். எனக்கு ஒப்புட்டு என்றால் உயிர். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் உடனே போடுங்கள் என்று சொல்ல முடியுமா? "இருக்கட்டும் அத்தை, வேண்டாம்" என்று சிரித்தேன்.

அத்தை "சரிங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். கூடம் முழுக்கச் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. தன் இலையில் இருந்த ஒப்புட்டைப் பொறுமையாகப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

"உங்களுக்கு நம்மூருப் பழக்கம் ஒத்துக்கறதில்லீங்களே மாப்ள. அதான் இந்த வீட்டுல இனி ஒரு தடவதான் கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோமுங்க."